பட்டிழைக்காகக் குளிர்ந்த வீடுகள்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் கட்டிய பழைய கிருகங்களை ஆராய்கிறவர், அங்கே மனிதரின் சௌக்கியத்தோடு பட்டு நூலின் க்ஷேமமும் கருதப்பட்டிருப்பதைக் காண்பார். உஷ்ணமும் வறட்சியும் மிகுந்தால் இழை அறுந்துவிடும் ஆதலின், குழித்தறியைத் தாங்கிய ஈர மண்ணும், வெப்பக் காற்றை மேலே போக்கிய முற்றமும், இடுக்குகள் வழியே காற்றை விட்ட நாட்டு ஓட்டுக் கூரையும் சேர்ந்தே வீட்டைக் குளிர்வித்தன. இவ்வேற்பாட்டின் ஜீவன் பராமரிப்பில்தான் இருந்தது: மழைக்கு முன் ஓடுகளைப் பிரித்து, உடைந்தவற்றை நீக்கி, குரங்குகள் கலைத்தவற்றைச் சீராக அடுக்குவது அத்தியாவசியமான காரியம்.

1842-இல் எழுந்த சென்னை ஐஸ் ஹவுஸில் அமெரிக்கப் பனிக்கட்டி இறங்கிய காலத்திலும் நெசவாளர் நம்பியது ஓட்டையும் மண்ணையுமே. பின்னர் வந்த கான்கிரீட் தளமோ பகலில் வாங்கிய வெயிலை இரவில் உள்ளே இறக்குகிறது. எஞ்சிய ஓட்டு வீடுகளை இடிக்குமுன், செப்பனிட வழியுண்டா என்று உரியவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.