கற்படுக்கையும் கல்விக்கூடமும்

புதுச்சேரி நகரில் கல்வி பயிலும் இடத்திற்கு இரு மொழிப் பெயர்கள் நெடுங்காலமாக வழங்குகின்றன. தமிழில் பள்ளி, பிரெஞ்சு மொழியில் எகோல். 1826ஆம் ஆண்டு தோன்றிய பிரெஞ்சுப் பள்ளியை நகர மக்கள் இன்றும் லிசே என்றே சொல்வர். இச்சொற்களின் பிறப்பை ஆராய்வோர்க்கு வியப்பே மிஞ்சும். எகோல் என்பதும் ஆங்கில ஸ்கூல் என்பதும் கிரேக்கத்தின் ‘ஸ்கோலே’ என்னும் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தவை. அதற்கு ஓய்வு என்பது பொருள். பிழைப்புக்கான உழைப்பு ஒழிந்த பொழுதில் கூடியிருந்து உரையாடியதே அவர்களுக்குக் கல்வியாயிற்று. லிசே என்பது ஏதென்சு நகர்ப்புறத்தில் அரிஸ்டாட்டில் பாடஞ்சொன்ன இடத்தின் பெயர். நம் பள்ளி என்னும் சொல்லின் தொன்மையான பொருளோ படுக்கை. ஓய்வும் படுக்கையும் கல்விக்குப் பகை என்று மாணாக்கரைக் கடிவது ஆசிரியர் வழக்கம். சொற்கள் வேறு கதை கூறுகின்றன.

அரங்கன் பள்ளி கொண்டான் என்கிறோம். கோயிலில் பள்ளியறை உண்டு. விடியலில் பள்ளியெழுச்சி உண்டு. இவற்றிலெல்லாம் பள்ளி துயிலிடமே. துயிலிடம் கல்விக்கூடமானது எவ்வாறு? இவ்வினாவுக்குரிய விடை நம் முன்னோர் வாழ்ந்த குன்றுகளில் கிடக்கிறது.

உடைமை துறந்த சமண முனிவர்க்கு வீடில்லை, மெத்தையில்லை. மலைக்குகைகளின் தரையைச் சமன்செய்து, தலைமாட்டைச் சற்றே உயர்த்திச் செதுக்கிய கற்படுக்கைகளே அவர்தம் இருப்பிடம். மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்பிராமிக் கல்வெட்டுகள், நெடுஞ்செழியன் காலத்தில் கணி நந்தாசிரியர் என்னும் முனிவர்க்கு அமைத்தளித்த இருப்பிடத்தைப் பள்ளி என்றே குறிக்கின்றன. நடுநாட்டில், திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த ‘பாளி’யைக் கூறுகிறது. பாளியும் பள்ளியும் ஒருவேர்ச் சொற்கள். ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன் என்று நாம் அறிந்த அதே அஞ்சி, துறவியர்க்குக் குகையும் தந்தான் என்பது மாணவர் பாடநூலில் இடம்பெற வேண்டிய செய்தி.

இவற்றினும் நெஞ்சைத் தொடுவது செஞ்சி வட்டத்து நெகனூர்பட்டிக் கல்வெட்டு. அடுக்கங்கல் என்னும் பாறையில் பொறிக்கப்பட்டது, கி.பி. 4ஆம் நூற்றாண்டினது என்பர். பெரும்பொகழ் என்னும் ஊரைச் சேர்ந்த சேக்கந்தியின் தாய் சேக்கந்தண்ணி என்பவள் செய்வித்த பள்ளி அது. அரசியும் அல்லள், பட்டம் ஏதும் அவள் பெயரோடு இல்லை. ஒரு பிள்ளையின் தாய் என்பதே அவளுக்குரிய அடையாளம். புதுச்சேரியிலிருந்து செஞ்சி செல்லும் குடும்பங்கள் பல. கோட்டையைக் கண்டு திரும்புவோரில் இப்பாறையை நாடுவோர் மிகச் சிலரே.

மழைக்காலம் நான்கு மாதமும் முனிவர் ஓரிடத்தே தங்குவர். அடியெடுத்து வைத்தால் ஈரமண்ணில் உயிர்கள் மாயும் என்னும் அச்சமே காரணம். அந்நாளில் இல்லறத்தார் உணவளித்து அறங்கேட்டனர். அவர்தம் மக்கள் எழுத்தும் நூலும் கற்றனர். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகிய மூன்றோடு நூற்கொடையையும் சேர்த்து நால்வகைத் தானம் என்று போற்றும் சமயத்தில், படுக்கையிருந்த இடமே பாடஞ்சொல்லும் இடமாக வளர்ந்தது இயல்பே.

அவ்வாறு வளர்ந்த கூடமொன்று புதுச்சேரிக்குத் தெற்கே, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இன்றைய திருப்பாதிரிப்புலியூரே பழைய பாடலிபுரம். அங்கு சர்வநந்தி முனிவர் ‘லோகவிபாகம்’ என்னும் உலகநூலைச் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல் நிறைவு செய்தார். திருநாவுக்கரசரும் தருமசேனர் என்னும் பெயரோடு அங்கிருந்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டோ, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவரிடம் பயின்ற 500 பிள்ளைகளையும் குறிக்கிறது. ஆங்கிருந்த 400 தவத்தியரோடு அவர்களுக்குப் பூசல் நேர்ந்ததனாலேயே இச்செய்தி கல்லில் ஏறியது! பூசலுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

எனினும் பள்ளி என்ற ஒலி கேட்ட இடமெல்லாம் சமணமே என்று உரிமை கொண்டாடுவது முறையன்று. மதுரைக்காஞ்சி அந்தணர் பள்ளியையும் பேசுகிறது. பௌத்தரும் பள்ளி கொண்டிருந்தனர். ஊர்ப்பெயர்களில் பள்ளி சிற்றூர் என்னும் பொருளிலும் வரும். ஆயினும் பல்லவர் சோழர் காலச் சாசனங்களில் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பிராமணர்க்கு அளித்த நிலம் பிரமதேயம், கோயிலுக்கு அளித்தது தேவதானம், சமண பௌத்த நிறுவனங்களுக்கு அளித்தது பள்ளிச்சந்தம். ஜம்பைக்கு அருகே பள்ளிச்சந்தல் என்றே ஓர் ஊர் உண்டு. புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த பாகூரில் நிருபதுங்கவர்மன் காலத்தில் வைதிகக் கல்விச்சாலை ஒன்று இருந்தது. அதற்கு மூன்று ஊர்களை அளித்த செப்பேடு அதனை ‘வித்யாஸ்தானம்’ என்று அழைக்கிறது. பள்ளி என்று அழைக்கவில்லை. பள்ளி எவர்தம் கல்விக்கூடத்திற்கு உரிய பெயராக அந்நாளில் நின்றது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

பின்னாளில் அப்பெயர் வேலிகளைக் கடந்தது. இசுலாமியர் தம் தொழுகையிடத்தைப் பள்ளிவாசல் என்றனர். மலையாள நாட்டுக் கிறித்தவர் தேவாலயத்தைப் பள்ளி என்றனர். எச்சமயத்துப் பிள்ளையாயினும் காலையில் புறப்படுவது பள்ளிக்கே.

பள்ளியை முடித்தோர் செல்லும் கல்லூரி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காலேஜ் என்னும் ஒலிக்கு இசைய அண்மையில் ஆக்கிய சொல் அது என்று கற்றவரும் எண்ணுவதுண்டு. பிரெஞ்சுக்காரர் இக்கரையில் இறங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கலை பயிலும் இடம் என்னும் பொருளில் அச்சொல்லை ஆண்டவர் ஒருவர் உண்டு. அவர் சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர்.