யூனிட்டி பொதி நிறுவி: முகவர்களுக்கு எழுதும் கையேடு

கணினி விளையாட்டு ஒன்றை இன்று யாரும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. கேமரா நகர்வதற்கும், விசையை அழுத்தினால் பாத்திரம் குதிப்பதற்கும், திரையில் எழுத்து தெளிவாகத் தெரிவதற்கும் பிறர் எழுதிவைத்த நிரல்தொகுதிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பேக்கேஜ் எனப்படும் இவற்றைத் தமிழில் பொதி என்கிறோம். பொதியைக் கொண்டுவந்து திட்டத்தில் சேர்ப்பது பொதி நிறுவி.

யூனிட்டி என்னும் விளையாட்டு இயந்திரத்தில் இந்த நிறுவி 2018-இல் உள்ளடக்கமாகவே வந்தது. செயல்படும் விதம் எளிது. ஒவ்வொரு திட்டத்திலும் 'மேனிஃபெஸ்ட்.ஜேசன்' என்றொரு கோப்பு உண்டு. வேண்டிய பொதியின் பெயரும் பதிப்பு எண்ணும் அதில் ஒரு வரி, அவ்வளவுதான். யூனிட்டி அந்த வரியைப் படித்துப் பதிவகத்திலிருந்து பொதியை இறக்கிக்கொள்ளும்; அது சார்ந்திருக்கும் மற்றப் பொதிகளையும் கூடவே இறக்கும். உண்மையில் எந்தப் பதிப்புகள் வந்து சேர்ந்தன என்பதை ஒரு பூட்டுக் கோப்பில் குறித்துவைக்கும். திறமூலப் பொதிகளுக்கென்று ஓபன்யுபிஎம் என்ற தனிப் பதிவகமும் இருக்கிறது. அதன் கட்டளைக் கருவி யூனிட்டியைத் திறக்காமலே அந்த வரியைச் சேர்த்துவிடும்.

இப்போது வரியைச் சேர்ப்பது பல இடங்களில் மனிதரல்ல, செயற்கை நுண்ணறிவு முகவர். "கதவு திறக்கும்போது கேமரா பின்வாங்க வேண்டும்" என்று சொன்னால் போதும். பொதியைத் தேர்ந்து, நிறுவி, நிரலையும் அதுவே எழுதிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், பதிவகத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லாவிட்டால் அது பொதியின் பெயரைத் தன் நினைவிலிருந்தே எழுதக்கூடும். அந்த நினைவு பழைய பாடங்களால் ஆனது. எழுத்துகளைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ பல ஆண்டுகள் தனிப் பொதியாக இருந்து, யூனிட்டி 2023.2 பதிப்பில் யுஜியுஐ பொதிக்குள் கலந்துவிட்டது. கேமராவுக்கான சினிமெஷின் பொதியின் பெயர் மாறவில்லை. ஆனால் மூன்றாம் பதிப்பில் நிரலுக்குள் அதை அழைக்கும் பெயர் மாறிவிட்டது. பொதி சரியாக நிறுவப்படும், பழைய முறையில் எழுதிய நிரல் ஓடாது.

இல்லாத பெயரைச் சொல்வது இதைவிட மோசம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் 16 மொழி மாதிரிகளிடமிருந்து 5,76,000 நிரல் துண்டுகளைப் பெற்றுப் பார்த்தார்கள். பரிந்துரைக்கப்பட்ட பொதிகளில் ஏறத்தாழ 20 விழுக்காடு உலகில் எங்கும் இல்லாதவை. (பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளுக்கான ஆய்வு இது, யூனிட்டி அதில் இல்லை.) கவலைக்குரியது என்னவென்றால், அதே பொய்ப் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அப்படியொரு பெயரை முந்திப் பதிவுசெய்து உள்ளே தீநிரலை வைத்துக் காத்திருக்க ஒருவரால் முடியும். யூனிட்டியில் இதன் ஆபத்து நேரடியானது: பொதிக்குள் இருக்கும் எடிட்டர் நிரல், தொகுக்கப்பட்டவுடனேயே உங்கள் கணினியில் உங்கள் உரிமைகளோடு ஓடக்கூடியது.

சிதல் அரித்த ஏட்டைப் படியெடுத்தவர் விடுபட்ட இடத்தில் தம் காதுக்கு இசைந்த சொல்லை இட்டு நிரப்பியதும், பின்னால் வந்த பதிப்பாசிரியர் அதைக் களையத் திணறியதும் நம் வாசகர்கள் அறிந்ததே. ஓசை கெடாத பிழை எளிதில் கண்ணில் படாது.

ஆகவே நிறுவிக்கான கையேட்டை முகவருக்கு வேறுவிதமாக எழுத வேண்டியிருக்கிறது. மனிதருக்கு "டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவை நிறுவிக்கொள்ளவும்" என்றால் போதும். அவர் தேடுவார், சந்தேகப்படுவார், நண்பரைக் கேட்பார். முகவருக்கோ பொதியின் முழுப்பெயர், பதிவகம், எந்த யூனிட்டி பதிப்புக்கு உரியது, முந்தைய பதிப்பில் என்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். கிட் முகவரியிலிருந்து எடுப்பதானால் இன்ன நிலைக்குரியது என்று குறியீட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய தேதியில் அங்கே இருப்பது எதுவோ அது வரும். இவற்றை எழுதிவைக்க 2025 முதல் 'ஏஜென்ட்ஸ்.எம்டி' என்ற கோப்புப் பெயர் வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் அந்தக் கோப்பின் முதல் வரி இப்படி இருக்க வேண்டும்: "பதிவகத்தில் பெயர் கிடைக்காவிட்டால் நிறுத்து, வேறு பெயரை முயலாதே, மனிதரைக் கேள்." நான் பார்த்த கையேடுகள் பலவற்றில் நிறுவும் வழி பக்கம் பக்கமாக இருக்கிறது, இந்த ஒரு வரி இல்லை.

பூட்டுக் கோப்பையும் நிரலோடு சேர்த்தே பாதுகாத்து வாருங்கள். கதவு திறப்பதற்காக முகவர் செய்த மாற்றத்தில் மேனிஃபெஸ்ட் கோப்பும் மாறியிருந்தால், கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள்.