ஃபவிஞானா: சூரை மீனை இழந்த தீவு

சிசிலியின் மேற்கே, திராபனி துறைமுகத்துக்கு எதிரே அமைந்துள்ள ஏகாதித் தீவுகளுள் பெரியது ஃபவிஞானா. கி.மு. 241 இல் ரோமர் கார்த்தேஜியரின் கடற்படையை முறியடித்து முதலாவது பியூனிக் போரை முடிவுக்குக் கொண்டுவந்தது இத்தீவுகளை அண்டிய கடலிலேதான். ஆயினும் இங்குள்ள சிறுநகரின் வாழ்வைப் பல நூற்றாண்டுகளாக நிர்ணயித்து வந்தது நீலத்துடுப்புச் சூரை மீனேயாகும்.

அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து ஜிப்ரால்ட்டர் நீரிணையூடாக இம்மீன்கள் முட்டையிடுவதற்காக மத்தியதரைக் கடலுக்குள் வருகின்றன. மே, ஜூன் மாதங்களில் அவை கடந்து செல்லும் வழியில், நங்கூரமிட்ட வலைகளால் அடுத்தடுத்து அறைகள் அமைக்கப்பட்டன. வலையாலான அடித்தளம் கொண்ட இறுதி அறைக்கு 'மரண அறை' என்று பெயர். மீன்கள் அதனுள் புகுந்ததும் படகுகள் நாற்புறமும் சூழ்ந்துகொள்ள, நமது அம்பாப் பாடல்களை ஒத்த தொழிற்பாடல்களைப் பாடியவாறு கடற்றொழிலாளர் வலையைக் கையால் இழுத்து உயர்த்தினர். 'மத்தான்ஸா' எனப்பட்ட இவ்வேட்டையின் தலைவரை 'ராயிஸ்' என அழைத்தனர். அது சிசிலியில் அரபு ஆட்சி விட்டுச்சென்ற சொல்லாகும்.

1874 இல் இத்தீவுகளை விலைக்கு வாங்கிய இஞ்ஞாசியோ ஃபுளோரியோ என்ற வர்த்தகர், கட்டடக் கலைஞர் தமியானி அல்மெய்தாவைக் கொண்டு இங்கே பெரியதொரு தொழிற்சாலையை எழுப்பினார். சூரை மீன் அவித்து, ஒலிவ் எண்ணெயில் இட்டு, தகரங்களில் அடைக்கப்பட்டு ஏற்றுமதியாயிற்று. ஆண்கள் கடலிலும் பெண்கள் தொழிற்சாலையிலுமாக நகரமே இத்தொழிலில் தங்கியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. சுற்றுவளைப்பு வலைகளுடன் வந்த பெருங்கப்பல்கள், மீன்கள் முட்டையிடும் இடங்களுக்கே சென்று அவற்றை வளைத்தன. 1990களில் உயிருடன் பிடித்த மீன்களைக் கடற்கூண்டுகளில் கொழுக்க வைத்து ஜப்பானியச் சந்தைக்கு அனுப்பும் வர்த்தகமும் பெருகிற்று. கரையருகே காத்திருந்த வலைக்கு வந்து சேர்ந்த மீன் குறைந்தது. இறுதி ஆண்டுகளில் மத்தான்ஸா, உல்லாசப் பயணிகள் பார்த்து வியக்கும் காட்சியாகவும் மாறியிருந்தது. 2007 இல் நடைபெற்றதே ஃபவிஞானாவின் கடைசி வேட்டை.

இன்று நகரின் பிரதான வருமானம் உல்லாசப் பயணத்துறையே. பழைய கல் அகழிடங்களை அடுத்துள்ள கலா ரோசா குடாவின் தெளிந்த நீரில் கோடைகாலத்தில் பயணிகள் நிறைகின்றனர். 1991 இல் பிரகடனப்படுத்தப்பட்ட, ஏறத்தாழ 54,000 ஹெக்டேர் பரப்புள்ள கடற்காப்பகம், பொசிடோனியா எனும் கடற்புல் வெளிகளைப் பாதுகாக்கிறது. ஃபுளோரியோ தொழிற்சாலை அருங்காட்சியகமாகிவிட்டது.

2006 இல் வகுக்கப்பட்ட சர்வதேச மீட்புத் திட்டமும் கடுமையான பிடி ஒதுக்கீடுகளும் பலனளித்தன. 2021 இல் அத்திலாந்திக் நீலத்துடுப்புச் சூரை, அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. மீன் மீண்டுவிட்டது, நீரோட்டத்தை அறிந்து வலை அமைக்கும் ராயிஸின் அனுபவ அறிவோ கடலில் பயிலப்படாமல் மங்கி வருகிறது. நூற்றாண்டுகளாக மீனினத்தை அழிக்காத ஒரு தொழில், பிறர் செய்த அழிவுக்கு விலை கொடுத்தது. மீன்களைத் தேடிச் சென்று வளைக்கும் கப்பலையும் அவற்றின் வரவுக்காகக் காத்திருக்கும் வலையையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பதைப் பிடி ஒதுக்கீடுகளைத் தீர்மானிப்போர் இனியேனும் கருத்தில் கொள்ள வேண்டும்.