மதம் கடந்த மணமும் சொத்தின் எல்லையும்

மேற்காசியாவின் துரூஸ் சமூகம், புதியவர்களைச் சமயத்தில் சேர்ப்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே நிறுத்திவிட்டது. வெளியே மணம் புரியும் ஆணுக்கும் அங்கே சலுகை இல்லை. தாய், தந்தை இருவரும் துரூஸ்களாக இருந்தால்தான் பிள்ளையும் துரூஸ். அதேபோல் எண்ணிக்கையில் சிறிய நம் நாட்டுப் பார்சிகளோ ஆணுக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசலுக்கு அளவு குறித்தது பம்பாய் உயர் நீதிமன்றம்.

ஜாம்ஷெட்ஜி டாடாவின் உறவினரான ஆர்.டி.டாடா, 1902-இல் சூசன் பிரியேர் என்ற பிரெஞ்சுப் பெண்மணியை மணந்தார். நவ்ஜோத் சடங்கு நடத்தி அவரை ஜொராஸ்டிரிய சமயத்தில் சேர்த்தார்கள். அக்கினிக் கோயிலிலும் இறுதிச் சடங்குக்கான அமைதிக் கோபுரத்திலும் அவருக்கு உரிமை உண்டா என்பது வழக்காயிற்று. 1908-இல் நீதிபதிகள் தாவரும் பீமனும் அளித்த தீர்ப்பைப் பொருளியல் படித்தவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மதமாற்றத்தைச் சமயம் அனுமதிக்கிறது. ஆனால், அறக்கட்டளைச் சொத்துகள் பார்சிகளுக்கென்று எழுதிவைக்கப்பட்டவை. பார்சி என்பது பிறப்பால் வருவது என்றார்கள். சமயத்துக்குள் வந்தவருக்குச் சொத்துக்குள் இடமில்லை என்று பொருள். அதே மூச்சில், பார்சித் தந்தைக்கும் அயல் தாய்க்கும் பிறந்து சமயத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பார்சிகளே என்றும் கூறினார்கள். அத்தம்பதியின் மகன்தான் ஜே.ஆர்.டி.டாடா.

வெளியே மணந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைகளுக்கு இந்த வழி கிடைக்கவில்லை. 2001-இல் 69,601 ஆக இருந்த பார்சிகள் 2011-இல் 57,264 ஆகக் குறைந்த பின்னும் அந்தப் பாகுபாடு முற்றிலும் நீங்கியபாடில்லை.

நாம் பார்சிகளைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தை முதலாக வைத்துத் தொழில் நடத்தும் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரருக்கும் திருப்பூர்ப் பின்னலாடைக்காரருக்கும் பொருந்தும் விதி ஒன்று 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இருக்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பத்து மகன் ஒருவர் கிறிஸ்தவப் பெண்ணையோ முஸ்லிம் பெண்ணையோ அச்சட்டப்படி மணந்தால், 19-ஆம் பிரிவின்படி அவர் அக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். அவர் கேட்கவும் வேண்டாம், தந்தை விலக்கவும் வேண்டாம். மணமக்கள் இருவரும் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோருள் அடங்கினால் இவ்விதி பொருந்தாது என்று 1976-இல் திருத்தினார்கள். மற்றவர்களுக்கு அது அப்படியே நீடிக்கிறது. திருமண நாளே பாகப்பிரிவினை நாளாவதற்கு இன்று என்ன நியாயம் இருக்கிறதென்று எனக்குப் புலப்படவில்லை.

ஆனால், 'பைசா கிடைக்காது' என்று மிரட்டும் பெரியவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பிரிவு என்பது பறிப்பு அன்று. அன்றைய நிலையில் மகனுக்குரிய பங்கு மகனுடையதே. அதை அவர் கேட்டு வாங்கலாம்.