சொல்லுக்குக் கட்டுப்படும் டாங்கி



தீபாவளி முடிந்த மறுவாரம் நம் தோட்டத்து வீடுகளின் பின்வாசலில் பார்த்தால், ஓடாத விளையாட்டுச் சாமான் ஒன்றாவது கிடக்கும். அதிலும் ரிமோட்டில் ஓடும் டாங்கி என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் நின்றுவிடும். "காசைக் கரியாக்கிட்டியே" என்று அப்பா ஏசுவார். பையன் அழுவான். டாங்கி குப்பைக்குப் போய்விடும்.

அந்த டாங்கியின் வயிற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதற்குப் பெயர் கட்டுப்பாட்டுப் பலகை. நம்ம பிள்ளைங்க வாயில் அது 'போர்டு'. அதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. தூரத்தில் இருக்கும் இயந்திரத்தை நம் சொல்படி எப்படி நடக்க வைப்பது? சொல் போய்ச் சேராவிட்டால் அது என்ன செய்யும்? இந்த இரண்டு கேள்விகளோடு அறிஞர்கள் போராடிய கதைதான் அது.

1898ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் நகரம். மேடிசன் ஸ்குவேர் கார்டன் என்னும் மண்டபத்தில் மின்சாரப் பொருட்காட்சி. அங்கே ஒரு தொட்டித் தண்ணீரில் சிறிய படகு ஒன்றை மிதக்கவிட்டார் நிக்கோலா டெஸ்லா என்ற அறிஞர். கயிறு இல்லை, கம்பி இல்லை. அவர் தள்ளி நின்று கருவியை இயக்க, படகு திரும்பியது. அதன் விளக்கு எரிந்தது. படகுக்குள் குரங்கைப் பழக்கி வைத்திருக்கிறார் என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்களாம். உண்மையில் உள்ளே இருந்தது உலோகத் தூள் அடைத்த சிறு குழல். வானொலி அலை வந்து பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இப்படிப்பட்ட இயந்திரங்கள் பெருகினால் போரே ஒழிந்துவிடும் என்று டெஸ்லா நம்பினார்.

ஆனால் நடந்தது வேறு. 1939ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் நாடு பின்லாந்தின் மீது படையெடுத்தபோது, ஆளில்லாத டாங்கிகளையும் களத்தில் இறக்கியது. பின்னால் வரும் இன்னொரு டாங்கியில் உட்கார்ந்து ஒருவர் வானொலி மூலம் அவற்றை ஓட்டினார். முன்னே என்ன பள்ளம், என்ன பாறை என்று பின்னால் இருப்பவருக்குச் சரியாகத் தெரியாது. தொடர்பு போனால் டாங்கியும் போச்சு.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் 'கோலியாத்' என்ற குட்டி வண்டியைச் செய்தார்கள். இடுப்பு உயரம்கூட இராது. டாங்கிக்கு இருப்பது போலவே இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை. உள்ளே 60 கிலோ முதல் 100 கிலோ வரை வெடிமருந்து. வானொலியை நம்பாமல் நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டே ஓடும்படி அமைத்தார்கள். 7,000க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. கம்பியை அறுத்துவிட்டால் அத்தோடு சரி, வண்டி வெறும் இரும்பு. 1944இல் போலந்தின் வார்சா நகர மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள்மீதும் இதை ஏவினார்கள். அங்கே போராளிகள் உயிரைப் பணயம் வைத்து அந்தக் கம்பியை அறுக்கப் போனார்கள்.

போர் முடிந்தபின் காற்று மாறி வீசியது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பெரிய பெட்டியை அடைத்துக்கொண்டிருந்த கருவிகள் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கத் தொடங்கின.

1970 நவம்பர் 17ஆம் நாள் சோவியத் நாட்டின் 'லூனகோட்' என்ற வண்டி நிலவில் இறங்கியது. எட்டுச் சக்கரம் கொண்ட அதை ஓட்டியவர்கள் பூமியில் உட்கார்ந்திருந்தார்கள். டாங்கி எப்படித் திரும்புகிறதோ அப்படியே, ஒரு பக்கச் சக்கரம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுழலத்தான் அதுவும் திரும்பியது. பூமியிலிருந்து போகும் கட்டளை நிலவை எட்டவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதனால் வண்டி ஆபத்தான அளவு சாய்ந்தால், யாரும் சொல்லாமலே தானாக நின்றுவிடும்படி அமைத்திருந்தார்கள். இங்கேதான் நம் இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது. சொல் தாமதமானாலும் நிற்கத் தெரிந்த வண்டி அது.

1972இல் வட அயர்லாந்தில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யப் போன பிரிட்டிஷ் வீரர்கள் பலர் மடிந்துகொண்டிருந்தார்கள். பீட்டர் மில்லர் என்ற ஓய்வு பெற்ற அதிகாரி, தோட்ட வேலைக்கு உதவும் மின்சாரத் தள்ளுவண்டியை எடுத்து, ஆள் போகாமலே குண்டருகில் போகும் இயந்திரம் ஆக்கினார். கோலியாத் குண்டைக் கொண்டுபோய் மனிதனைக் கொன்றது. இந்த வண்டியோ மனிதனுக்குப் பதிலாகக் குண்டிடம் போனது. தூரத்திலிருந்து ஓட்டும் வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான், நோக்கம்தான் வேறு.

1974இல் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம், 16இல் ஒரு பங்கு அளவில் ஷெர்மன் டாங்கியை ரிமோட்டில் ஓடும் பொம்மையாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. போர்க்களத்து டாங்கி பிள்ளைகள் கைக்கு வந்த கதை இதுதான்.

இனி அந்தப் பலகைக்கு வருவோம். அந்தக் காலத்துத் தோட்டப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் அந்தப் பேருக்கு உரியவர் மட்டும்தானே பதில் சொல்வார்? பலகையும் அப்படித்தான். பல ரிமோட்டுகள் ஒரே இடத்தில் பேசினாலும், தன்னோடு இணைத்த ரிமோட்டின் குரலை மட்டும் அது கேட்க வேண்டும். முன்பு ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அலைவரிசை தந்தார்கள். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. புதுப் பலகை போட்டால் முதல் வேலை ரிமோட்டையும் அதையும் இணைப்பது.

அடுத்து, பலகையைப் பொருத்தும் முறை. மாணவர்கள் கவனமாகப் படிக்கவும்.

முதலாவது, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். சிவப்பு ஒயர் நேர்முனை, கறுப்பு எதிர்முனை. மாற்றிக் கொடுத்தால் பலகை கருகிப் போகலாம். இரண்டாவது, டாங்கியை ஒரு மரக்கட்டைமேல் தூக்கி வையுங்கள், பட்டை தரையில் படக் கூடாது. மூன்றாவது, ரிமோட்டை முதலில் போடுங்கள், டாங்கியைப் பிறகு. அணைக்கும்போது டாங்கியை முதலில், ரிமோட்டைக் கடைசியில். நான்காவது, கம்பை மெல்ல முன்னே தள்ளுங்கள். இரண்டு பட்டையும் முன்னோக்கி ஓட வேண்டும். ஒன்று பின்னோக்கி ஓடினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும். ஐந்தாவது, கம்பு நடுவில் இருக்கும்போது பட்டை ஊர்ந்தால், ரிமோட்டில் உள்ள சிறு திருகால் சரிசெய்யுங்கள்.

ஆறாவதுதான் முக்கியம். பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். பட்டை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த டாங்கியைத் தரையில் இறக்கவே கூடாது. இது விளையாட்டுச் சாமான்தானே என்று நினைக்கலாம். ஆனால் பெரிய இயந்திரத்துக்கும் இதே சோதனைதான். எஜமானின் சொல் அறுந்த பிறகும் ஓடுகிற இயந்திரம் யார் காலில் ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய பிறகு, மின்னணுத் தொழிற்சாலைகள் அங்கே வரிசையாக எழுந்தன. தோட்டத்தை விட்டுப் போன நம் சகோதரிகள் பலர் அப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் மின்னணுச் சாமான்களைக் கண் வலிக்க வலிக்கச் செய்திருக்கிறார்கள். அந்தச் சாமான் எங்கே போகிறது, என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர்கள் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுமா? இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுகிறவர்களாக நம் பிள்ளைகள் வர வேண்டும் என்றால், அது எப்படிக் கீழ்ப்படிகிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

ஆகவே அடுத்த முறை ரிமோட் டாங்கி நின்றுபோனால் ஏசாதீர்கள், எறியாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு திருப்புளியைப் பிள்ளை கையில் கொடுத்து, "உள்ளே என்னதான் இருக்குன்னு பாருடா" என்று சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

வளர்க அறிவு! வாழ்க நம் தமிழ்ப்பள்ளி!