கிளாரினெட் எழுதிய தேர்வு

இசைக்குழுவில் இடம் நாடும் மாணவன் நடுவர்முன் நிற்பதுபோல, தமிழிசையின் வாயிலில் நூறாண்டுக்கும் மேலாகக் காத்துநின்ற அயல்நாட்டுக் கருவி ஒன்று உண்டு. அதுவே கிளாரினெட்.

செருமனியின் நூரம்பர்க் நகரில், யோகான் டென்னர் என்பார் 1700-ஆம் ஆண்டையொட்டி இதனை உருவாக்கினார் என்பர். ஐரோப்பியப் படைகளின் பாண்டு வாத்தியமாகி இது உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரத்துக் கறுப்பின மக்கள் இதனை ஜாஸ் இசைக்கு உரியதாக்கினர். 1938-இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் பென்னி குட்மன் தம் குழுவினருடன் வாசித்தார். செவ்வியல் இசைக்குரிய அவ்வரங்கில் ஜாஸ் இசைக்கும் மதிப்பான இடம் கிட்டியது.

தமிழ்நாட்டிலோ இதன் வழி வேறு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் மேலைநாட்டு இசையை ஆதரித்தார். அவர் அரண்மனையில் பாண்டு குழுவும் இருந்தது. அந்நூற்றாண்டிலேயே சதிராட்டத்துக்குரிய சின்னமேளத்தில், முகவீணையின் இடத்தைக் கிளாரினெட் பெற்றது. ஆடுநரின் பின்னே நின்றவாறே கலைஞர் வாசித்தனர். 1930-களுக்குப்பின் பரதநாட்டியம் புதுக்கோலம் பூண்டபோது, குழலும் வீணையும் முன்வர, கிளாரினெட் பின்தள்ளப்பட்டது. பாலசரசுவதி அம்மையார் போன்றோரின் அரங்குகளிலேயே அது நிலைத்திருந்தது.

இக்கருவி நம் இசைக்கு எளிதில் வயப்படுவதன்று. நாதசுவரத்தின் உடல் கூம்பு வடிவினது. அழுத்தி ஊதினால் சட்சம் மேல் சட்சத்துக்குத் தாவும். கிளாரினெட்டின் உடல் உருளை வடிவினது. அது மேல்நிலைப் பஞ்சமத்துக்கே தாவும். ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் விரல்முறை மாறும். போதாக்குறைக்கு, துளைகளைச் சூழ்ந்த உலோக விசைகள் கமகத்தின் வழுக்கலுக்கு இடையூறு செய்யும். சுரத்தைத் தனித்தனியே நிறுத்த வல்ல கருவியில், சுரங்களை இழைத்துக் காட்டுவது அரிய செயலன்றோ?

அச்செயலை நிறைவேற்றியவர் 1931-இல் திருச்சியில் பிறந்த ஏ. கே. சி. நடராசன். தந்தையாரும் கிளாரினெட் கலைஞரே. ஆயினும் அவர் கருவியோடு நின்றுவிடவில்லை. ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டும், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாதசுவரமும் பயின்றார். நெஞ்சில் பாட்டும் செவியில் நாதசுவரமும் நிறைந்திருந்தமையால், அவர்தம் உதடும் விரலும் அயற்கருவியைத் தமிழ் பேசச் செய்தன. பக்கவாத்தியமாய்ப் பின்னே நின்ற கருவி, அவர் கையில் தனிக்கச்சேரி மேடையேறியது. நாதசுவரச் சக்கரவர்த்தி இராசரத்தினம் பிள்ளை அவரைக் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ எனப் புகழ்ந்தார். 1994-இல் சங்கீத நாடக அகாதமி விருதும், 2008-இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும், 2022-இல் பத்மஸ்ரீயும் அவரை வந்தடைந்தன.

ஆசிரியர்களாகிய நாம் இதில் அறியத்தக்க உண்மை ஒன்றுண்டு. தேர்வில் வென்றது கருவி அன்று. அதனை ஏந்தியவரின் இசைக்கல்வியே. ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில், கோயில் மேளம் கேட்டு வளரும் நம் பிள்ளை, நாளை பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் ஏந்த விரும்பலாம். ஜாஸ் வாசிக்கவும் விழையலாம். அயற்கருவி என அஞ்சித் தடுத்தல் வேண்டா. அதற்குமுன் அவனுக்குத் தன் மொழியில் பாடக் கற்பித்தல் நம் கடன். பாடத் தெரிந்த பிள்ளை எக்கருவியை ஏந்தினும் தன் குரலை இழப்பதில்லை.