பரண் மேல் இருந்த வரலாறு

மலருக்கு ஏதாவது வரலாறு எழுதிக் கொடும்மா என்று கூட்டமைப்புச் செயலாளர் அக்கா சொன்னாங்க. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன், வரலாற்றுப் பாடத்தில் ராஜாக்களும் வருஷமும் மனப்பாடம் பண்ணினதோடு சரி, நான் என்ன எழுதறதுன்னு கேட்டேன். தெரிஞ்சதை எழுதுன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது அடுப்படி. அதனால் அடுப்படிக்கு மேலே இருந்த பரணைப் பற்றி எழுதுகிறேன்.

இது நினைவுக்கு வர ஒரு காரணம் உண்டு. போன கூட்டத்தில் நடந்த சண்டை பலருக்கு ஞாபகம் இருக்கும். நம்ம பொதுப் பாத்திரங்களை, ரெண்டு அண்டா, ஆறு குண்டான், பெரிய வடை சட்டி, ஜல்லிக் கரண்டி, இட்லி கொப்பரை எல்லாத்தையும், யார் வீட்டில் வைக்கிறது என்று கேட்டப்ப ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வருஷத்துக்கு நாலு தடவை எடுக்கிற சாமானுக்கு எங்க வீட்டில் இடம் இல்லை என்று கடைசியில் எல்லாருமே சொல்லிட்டாங்க. அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு யோசனை. நம்ம வீடு சின்னது, சரி. நம்ம பாட்டி வீடு என்ன அரண்மனையா? அதைவிடச் சின்ன மண் வீடுதானே. அவங்க எங்கே வச்சாங்க?

என் மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்தது மண் சுவர் வைத்த ஓட்டு வீட்டுக்கு. நான் கல்யாணமாகி வந்தப்பவும் அதே வீடுதான். உள்ளே ஒரே நீள அறை. அதில் ஒரு மூலை அடுப்படி, அதற்கு மேலே பரண். ரெண்டு சுவருக்கும் குறுக்கே பனஞ்சட்டம் போட்டு, அதன் மேல் மூங்கிலை நெருக்கமாகப் பரப்பி, மண் பூசியிருந்தாங்க. அடுப்புப் புகை முழுக்க அதில்தான் போய் அடிக்கும். வெளி ஆளுக்குப் பார்த்தால் கரி பிடிச்ச அசிங்கம். ஆனால் அந்தப் புகையால்தான் மூங்கிலில் கரையான் ஏறாது, விதைக்கு வச்ச அவரை, துவரையில் வண்டு விழாது. விறகு அடுப்பு போய் கேஸ் வந்த பிறகு, அதே பரணில் வச்ச விதை நாலே மாசத்தில் உளுத்துப் போனதை நானே பார்த்தேன். பரணையும் அடுப்பையும் சேர்த்தே யோசித்துக் கட்டியிருக்கிறாங்க, அது நமக்குத்தான் தெரியாமல் போச்சு.

பரணில் கண்டபடி போட்டு வைக்க முடியாது. முன் வரிசையில் முறுக்கு அச்சு, பணியாரச் சட்டி, பெரிய சல்லடை. இதெல்லாம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை இறங்கும். நடுவில் மாரியம்மன் பண்டிகைக்குக் கூழ் ஊற்றுகிற பெரிய பானை. கடைசியில் சுவரோரமாகப் பித்தளை அண்டா, அதற்குள் தவலை, தவலைக்குள் குண்டான், குண்டானுக்குள் சொம்பு. ஒன்றுக்குள் ஒன்று போனதால் நாலு பாத்திரத்துக்கு ஒரு பாத்திரத்தின் இடம்தான். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் அது வெளியே வரும். அது இல்லாமல் வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு முன்னாடி எல்லாத்தையும் இறக்கி, புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைப்பாங்க. தெருவே பளபளன்னு இருக்கும். யார் வீட்டில் என்ன இருக்கு, போன வருஷம் இருந்தது எது இந்த வருஷம் இல்லை என்பதும் அன்றைக்கு ஊருக்கே தெரிஞ்சிடும்.

கல் சாமான் மேலே ஏறாது. உரல், ஆட்டுக்கல் எல்லாம் தாழ்வாரத்தில். கேழ்வரகு அரைக்கிற ஏந்திரம், அதாவது திருகை, தொம்பைக்குப் பக்கத்தில். நம்ம தர்மபுரிப் பக்கம் களி இல்லாத வீடு ஏது? ஏந்திரம் தினமும் சுத்தினது. மாவு மில் வந்த பிறகுதான் அது எப்போதாவது எடுக்கிற சாமானாகிப் போச்சு.

இந்தக் கட்டுரைக்காக எங்க தெருவில் பத்து வீடு ஏறி இறங்கி, மிச்சம் இருக்கிற பழைய பாத்திரங்களைப் பார்த்தேன். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிக் கொடுப்பாங்க இல்லையா, அதைத்தான் படிச்சேன். வீட்டுப் பத்திரம், நிலத்துப் பட்டா எல்லாத்திலும் ஆம்பளை பேர். அண்டாவில் மட்டும்தான் பொம்பளை பேர். அதுவும் அவங்க பேர், அப்பா பேரின் முதல் எழுத்து, சிலதில் பிறந்த ஊர் பேரும் இருந்தது. எங்கே இருந்து எந்த ஊருக்குப் பொண்ணு கொடுத்தாங்க என்பதற்கு எங்க ஊரில் வேற எழுத்துச் சான்று எதுவும் நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு நியாயம் இருக்கு. அந்தக் காலத்தில் பொண்ணுக்கு நிலத்தில் பங்கு கிடையாது, பாத்திரச் சீர்தான் பங்கு. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டத்தைத் திருத்தினது 1989-ல். அதுவும் அதற்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது. மத்தியச் சட்டத்தை 2005-ல் திருத்தின பிறகுதான் அந்த வித்தியாசம் போச்சு. இதைச் சட்ட விழிப்புணர்வுப் பயிற்சியில் சொன்னப்ப என் மாமியாரும் கூட உட்கார்ந்திருந்தாங்க. "அப்ப என் பங்கு பரண் மேல இருந்ததுதான்"னு சொல்லிட்டு வெத்தலையை எடுத்தாங்க.

அந்தப் பங்குதான் அவங்களுக்கு பேங்க்கும். சித்திரை வைகாசியில் கையில் காசு இருக்காது. அப்ப தவலை இறங்கும், அடகுக் கடைக்குப் போகும். கடலைக்காய் போட்ட பிறகு மீட்டுக்கிட்டு வருவாங்க. மூணு வருஷம் போய்ப் போய் வந்த தவலை, மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் வரவே இல்லை. வட்டி ஏறி மூழ்கிப் போச்சு. நான் வந்து பார்த்தப்ப அண்டாவுக்குள்ளே குண்டான் மட்டும் லொட லொடன்னு கிடந்தது. நடுவில் ஏன் இடைவெளி என்று கேட்டதற்குத்தான் இந்தக் கதையைச் சொன்னாங்க.

பித்தளை ஒரே நாளில் போகலை. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது நின்றதுதான் முதல் அடி. அவர் வந்தால் புளியமரத்தடியில் குழி வெட்டி, துருத்தி வச்சுக் கரியை மூட்டி, பாத்திரத்தைக் காய வைப்பார். நவச்சாரத்தைத் தூவி ஈயத்தை உரசித் துணியால் ஒரு சுத்து சுத்தினால் உள்ளே வெள்ளியாட்டம் ஆகிடும். ஈயம் இல்லாத பித்தளையில் புளிக்குழம்பு வச்சால் களிம்பு ஏறும், சாப்பிட முடியாது. அவர் வரவில்லை என்றதும் பித்தளை சும்மா ஏறி உட்கார்ந்த சாமானாகிப் போச்சு. அதே சமயம் எவர்சில்வர் வந்தது. பக்கத்துச் சேலத்தில் உருக்காலை ஓட ஆரம்பித்தது 1980-களின் தொடக்கத்தில். பழைய துணிக்கும் பழைய பித்தளைக்கும் எவர்சில்வர் கொடுத்து எத்தனை வீட்டு அண்டாவைத் தூக்கிட்டுப் போனாங்க என்று கணக்கே கிடையாது.

இங்கேதான் நம்ம குழு கதையும் வந்து சேருது. சுய உதவிக் குழு தமிழ்நாட்டிலேயே முதலில் ஆரம்பித்தது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மூலமாக, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்புறம்தான் மகளிர் திட்டம் என்ற பேரில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. எங்க ஊருக்கு வந்து சேர வருஷங்கள் ஆச்சு. மாமியார் மாசம் 20 ரூபாய் சேமிப்பு கட்டினாங்க. முதல் உள்கடன் வாங்கினது நாத்தனார் பிரசவத்துக்கு. அந்தக் கடனைப் பற்றி எப்பப் பேசினாலும் அவங்க சொல்றது, "ஏணி போடாம வாங்கின காசு." பரணில் ஏறாமல் கிடைச்ச முதல் காசு என்று அர்த்தம்.

இப்ப என் குற்றத்தையும் எழுதிடறேன். 2011-ல் அறிவிச்ச பசுமை வீடு திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம். ஹால், படுக்கை அறை, சமையல் அறை, கழிவறை, வராண்டா எல்லாம் அதற்குள்ளே. மழைக்கு ஒழுகாத வீடு என்றதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். லிண்டல் மட்டம் வந்தப்ப மேஸ்திரி, "ஏம்மா, சமையல் ரூம்ல பரண் சிலாப் போடணுமா? இப்பவே சொல்லுங்க, அப்புறம் முடியாது"ன்னு கேட்டார். கம்பியும் சிமெண்டும் கூடுதலாகும். எங்க வீட்டுக்காரர், கையில் இருக்கிறது போதாது, வேண்டாம்னுட்டார். நான் பேசாமல் நின்றேன். குழுக் கூட்டத்தில் அவ்வளவு பேசுகிறவள், என் சொந்த அடுப்படிக்கு வாய் திறக்கலை. நேரே அடுப்பு மேடை, மேலே வெறும் சுவர்.

குடி போன கொஞ்ச நாளில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தது. அதற்கு முன்னாடியே கலர் டிவி இருந்தது. எல்லாம் வேணும்கிற சாமான்தான், குறை சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரங்க கண்டுபிடிச்ச கிரைண்டர் நம்ம தோள்பட்டைக்கு எத்தனை வலியைக் குறைத்தது என்று ஆட்டுக்கல்லில் ஆட்டினவங்களைக் கேட்டால் தெரியும். ஆனால் கிரைண்டர் ஒரு மூலை, அதன் அட்டைப்பெட்டி ஒரு மூலை என்று ஆனப்ப அண்டாவுக்கு மூலை இல்லை. ஆறு மாசம் வெளியில் மழையில் கிடந்தது. ஒரு நாள் பழைய சாமான் வாங்குகிறவர் வந்தார், எடைக்குப் போட்டுட்டேன். மாமியார் திட்டவில்லை. சாயங்காலம் மட்டும், "பேரு இருக்கிற இடத்தைத் தேச்சிட்டுக் குடுத்தியா?"ன்னு கேட்டாங்க. இல்லை அத்தை என்றேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

குழுவோடு பிள்ளையார்பட்டிக்குப் போனப்ப காரைக்குடியில் பழைய சாமான் கடைத் தெருவைப் பார்த்தோம். செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரத்துக்கென்றே தனி அறை உண்டாம். அந்த வீட்டுச் சாமானே கடையில் அடுக்கிக் கிடக்கு. நான் ஒவ்வொரு அண்டாவாகத் திருப்பித் திருப்பிப் பேரைப் பார்த்தேன். எங்க ஊர் அண்டா அங்கே எப்படிப் போயிருக்கும், ஆனாலும் பார்த்தேன்.

இப்ப நம்ம வீடுகளில் எங்கெங்கே வைக்கிறோம் என்பதையும் எழுதி வைக்கணும், பின்னாடி வருகிறவங்களுக்கு அதுவும் வரலாறுதான். கட்டிலுக்கு அடியில். சன்ஷேடு மேலே கோணியில் கட்டி. பிரிட்ஜ் தலையில் பணியாரச் சட்டி. சொல்ல வெட்கமாக இருந்தாலும், தண்ணீர் வசதி இல்லாத சில வீடுகளில் கழிவறையில்தான் குண்டான் இருக்கு. அதிகாரிகள் பார்த்தால் கோபப்படுவாங்க. அவங்க வந்து அந்த 300 சதுர அடியில் ஒரு பொங்கல் வச்சுப் பார்க்கட்டும்.

எப்படி வச்சாலும் காய வச்சு வையுங்க. இரும்புச் சட்டிக்கு எண்ணெய் தடவி, பேப்பர் சுற்றணும். முறுக்கு அச்சின் தட்டுகளைத் துணியில் முடிந்து அச்சுக்குள்ளேயே போட்டால் தேட வேண்டாம். பாட்டிகள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போடுங்க, ஆனால் எவர்சில்வர் இறுகிக்கும், நடுவில் ஒரு துணி வேணும்.

நம்ம ஊராட்சியில் இப்ப கலைஞரின் கனவு இல்லத்தில் வீடு கட்டுகிறவங்க இருக்கீங்க. இது 360 சதுர அடி. லிண்டலுக்குக் கம்பி கட்டுவதற்கு முன்னாடி மேஸ்திரியிடம் பரண் சிலாப்புக்குச் சொல்லிடுங்க. ரெண்டடி அகலம் போதும். பணம் பத்தலைன்னா குழுவில் கேளுங்க. எனக்கு அன்றைக்கு அது தோணவில்லை.

பொதுப் பாத்திரம் இப்போதைக்குக் கூட்டமைப்புக் கட்டடத்தில் பின் அறையில் இருக்கு. சுவரோரமாக இரும்பு ஆங்கிள் அடிக்கத் தீர்மானம் போட்டாச்சு. புது அண்டாவில் யார் பேரை வெட்டுவது என்று ஒரு சண்டை வந்து, கூட்டமைப்பின் பேரையே வெட்டினோம். எழுத்து கொஞ்சம் கோணலாகப் போச்சு. வாடகை நோட்டு என்னிடம் இருக்கு. ஆடி மாசத்துக்கு இப்பவே மூணு பேர் எழுதி வச்சிருக்காங்க. பெரிய அண்டா வேணும்கிறவங்க சீக்கிரம் சொல்லுங்க. திருப்பிக் கொடுக்கிறப்ப தேய்ச்சு, காய வச்சுக் கொடுங்க.